விதுப்பு: ஆட்டக்களப் பாடல்களில் அடியும் சொல்லும்

நாவலூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்து சேர்வது ஒரு மற்போர் வீரனின் பெயர் தாங்கிய ஊரை. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனுக்கு மாமல்லன் என்பது விருதுப்பெயர். மல்லன் மற்போர் செய்பவன். மாமல்லன் பெரும் மற்போர் வீரன். வாதாபியை வென்ற வேந்தன் தனக்குரிய விருதுகளுள் ஒன்றைப் போர்க்களத்திலிருந்து கொள்ளாமல் ஆட்டக்களத்திலிருந்து கொண்டான். பேருந்தின் நெற்றியில் அப்பெயரை நாள்தோறும் படித்தவாறு கல்லூரிக்கு வரும் நம் மாணவருள் பலர் இதனை எண்ணிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்வதானால், நாமும் பல்லாண்டுகள் எண்ணிப் பார்த்ததில்லை.

மல்லனைப் பாடிய தமிழ் மாமல்லனுக்கும் முற்பட்டது. புறநானூற்றில் ஒரு மற்போரைச் சுற்றி அமைந்த பாடல்கள் சில உள்ளன. அவற்றை மாணவர்க்குப் பயிற்றும்போதெல்லாம் ஒரு வினா எழுவதுண்டு. ஆட்டக்களத்தில் நிற்பவனுக்கு நெஞ்சு பதைப்பது இயல்பு. முடிவு அவனுக்குத் தெரியாது. பாட்டைப் படிப்பவனுக்கோ முடிவு முன்னரே தெரியும். பாட்டின் அடியில் உள்ள குறிப்பே இன்னான் வென்றான் என்று சொல்லிவிடுகிறது. ஆயினும் படிக்கும்போது பதைக்கிறது. பத்தாம் முறை படிக்கும்போதும் பதைக்கிறது. முடிவு தெரிந்த பின்னும் பிறக்கும் இப்பதைப்பு எங்கிருந்து வருகிறது?

இதற்கு விடை செய்தியில் இல்லை. அடி முறியும் இடத்திலும் சொல் நிற்கும் இடத்திலும் உள்ளது என்பதே நாம் இங்குக் காட்ட விழைவது. இப்பதைப்பிற்குச் சங்கப் புலவர் வழங்கிய சொல் விதுப்பு. திருக்குறளின் காமத்துப்பாலில் கண்விதுப்பழிதல், புணர்ச்சி விதும்பல் என்னும் அதிகாரப் பெயர்களில் அச்சொல்லை நாம் அறிவோம். காதலர்க்கு உரியதென்று நாம் கருதிவிட்ட அச்சொல், ஒரு மற்போரைக் காணும் ஊரின் நிலையைச் சொல்லவும் ஆளப்பட்டுள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

செவியில் முடியும் அடி

அடி என்பது இன்று நமக்குத் தாளில் தெரியும் வரி. முன்னோர்க்கு அது செவியில் கேட்கும் அளவு. ஓலைச்சுவடியில் பாட்டையும் உரைநடை போலத் தொடர்ந்தே எழுதினர். ஓலையின் ஓரம் வந்தபோது எழுத்து திரும்பிற்றே அன்றி, அடி முடிந்தபோது அன்று. எனின், கேட்பவனுக்கு அடி முடிந்தமை எவ்வாறு புலனாயிற்று? சீர்க்கணக்காலும் தொடையாலும் புலனாயிற்று. ஆசிரியப்பாவில் நான்கு சீர் நிரம்பினால் ஓர் அடி நிரம்பிற்று. அடுத்த அடியின் தலைச்சீர் முன்னடியின் தலைச்சீரோடு எதுகையால் ஒத்து ஒலிக்குமாயின், புதிய அடி பிறந்துவிட்டது என்பதைச் செவி ஐயமின்றி உணர்ந்துகொள்ளும்.

இனி, அடி நிரம்புதல் ஒன்று. பொருள் நிரம்புதல் மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்தில் நிகழ்ந்தால் கேட்பவன் அமைதியுறுகிறான். அடி நிரம்பிய பின்னும் பொருள் நிரம்பாதிருந்தால், செவி நின்றுவிடுகிறது, மனம் நிற்க இயலாமல் முன்னே சாய்கிறது. அந்தச் சாய்வில்தான் விதுப்பு பிறக்கிறது. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் இருபது வண்ணங்களுள், முடிந்தது போலத் தோன்றியும் முடியாது நிற்பதைப் புறப்பாட்டு வண்ணம் என்றும், விட்டு விட்டு அறுபட்டுச் செல்வதை அகைப்பு வண்ணம் என்றும், விரைந்து ஓடுவனவற்றை உருட்டு, முடுகு என்றும் பெயரிட்டிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. அவர் விளையாட்டைக் கருதி இவற்றைச் சொல்லவில்லை. ஆனால் நிற்றல், அறுபடல், உருளல், முடுகல் ஆகிய நான்கும் ஆட்டக்களத்துச் சொற்களாகவும் இருப்பதை எந்த விளையாட்டு வீரனும் ஒப்புக்கொள்வான்.

தூக்கிய கால்

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி உறையூர்த் தித்தனின் மகன். தந்தையோடு மனம் மாறுபட்டு வேற்றூரில் வறுமையுற்று வாழ்ந்தான் என்பது இப்பாடல்களைக் கொண்டு அறிஞர் கொள்ளும் செய்தி. அவன் முக்காவனாட்டு ஆமூரில் அவ்வூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடினார். (சோழர் கல்வெட்டுகள் மாமல்லபுரத்தை ஆமூர்க் கோட்டத்து ஊர் எனக் குறிக்கின்றன. அந்த ஆமூர் வேறு, பாட்டின் ஆமூர் வேறு. பெயரொற்றுமை கண்டு நம் வட்டாரத்து மாணவர் மயங்க வேண்டா.)

புறநானூற்றின் 80ஆம் பாட்டு ஒன்பது அடிகளை உடையது. முதல் இரண்டு அடிகளில் ஊரும் மல்லனும் அவன் வலிமை கெட்டதும் சொல்லப்படுகின்றன. மூன்றாம் அடியில்தான் பிடி விழுகிறது. வென்றவனின் ஒரு கால் மல்லனின் மார்பை மிதித்து ஒடுக்கிற்று என்று அவ்வடியின் முக்காற்பகுதி சொல்லி முடிக்கிறது. அங்கே பொருள் நிரம்பிவிட்டது. அடியோ இன்னும் நிரம்பவில்லை. ஒரு சீருக்கு இடம் இருக்கிறது. அந்த ஒரு சீரில் புலவர் வைத்த சொல் 'ஒருகால்' என்பது. மற்றொரு கால். அத்தோடு அடி முடிந்துவிடுகிறது.

மாணவர் இதனை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தல் வேண்டும். மற்றொரு கால் தூக்கப்பட்டுவிட்டது. அது எங்கே ஊன்றப்போகிறது, எதைத் தடுக்கப்போகிறது என்பது தெரியுமுன் அடி முறிந்துவிட்டது. அடிகளுக்கு இடையிலுள்ள அந்த நொடியில் கால் வானில் நிற்கிறது. அடுத்த அடியின் தலைச்சீர் எதுகையால் மணியடித்தாற்போல் ஒலித்துத் தொடங்கிய பின்னரே, அக்கால் எதிரியின் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்தது தெரிகிறது. அச்சொல்லை அடுத்த அடியின் முதலில் வைத்திருந்தாலும் செய்தி குறைந்திராது. கால் மட்டும் தரையை விட்டு எழுந்திராது.

சொல்லாட்சியிலும் ஒன்று காண்க. ஒடுக்கியது யார்? பாட்டு 'அவன்' என்று சொல்லவில்லை. கால் ஒடுக்கிற்று என்கிறது. வினை ஆளுக்கு ஏற்றப்படவில்லை, உறுப்புக்கு ஏற்றப்பட்டுள்ளது. மற்போரை அருகிருந்து பார்த்தவர் அறிவர்: இருவர் பின்னிக் கிடக்கும்போது ஆள் தெரிவதில்லை, கை தெரியும், கால் தெரியும், எது யாருடையது என்பதே தெரியாது. வென்றவனின் பெயர் இப்பாட்டில் ஓரிடத்தும் வரவில்லை. பெயர் வருவது தந்தைக்கு. அதுவும் உடனே வரவில்லை. அருள் செய்தாலும் செய்யாவிட்டாலும் என்று முதலில் சொல்லி, அவ்வாறு சொல்லப்படுபவன் யார் என்பதை அடுத்த அடிவரை ஒளித்து, அதன் பின்னரே தித்தன் பெயரைத் தருகிறார் புலவர். அவன் இதனைக் காண்பானாக என்கிறார். மற்போரின் நடுவே, மகனைப் புறக்கணித்த ஒரு தந்தை நம் பக்கத்தில் வந்து நிற்கிறான். அதுவரை ஒரு விளையாட்டாக இருந்தது அவ்விடத்தில் வேறொன்றாகிவிடுகிறது.

இறுதிக்கு முந்திய அடியில், பசித்த யானை மூங்கிலை வளைத்து முறிக்க முயல்வது போல இருபுறமும் ஒசியுமாறு மோதும் செயல் வருகிறது. அவ்வடிக்குச் சீர் மூன்றே. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராய் வரும் என்பது யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் முதலாண்டில் மனப்பாடம் செய்யும் விதி. விதியைச் சொல்லித் தருகிறோம். அது எதற்கு என்று சொல்லித் தருகிறோமா? நான்கு நான்காக ஏறிவந்த செவிக்கு ஒரு படி குறைகிறது, கால் இடறுகிறது. அந்த இடறலில் சாத்தந்தையார் மோதலை வைத்தார்.

வார் தைக்கும் ஊசி

அதே புலவரின் 82ஆம் பாட்டு ஆறே அடி. உலக இலக்கியத்தில் விரைவைப் பாடிய சிறந்த பாடல்களைத் தொகுப்போர் எவரும் இதனை விடுதல் ஆகாது என்பது நம் துணிபு.

ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவி பிள்ளைப்பேற்று நோவில் இருக்கிறாள். மழை பெய்கிறது. ஞாயிறு மேற்கே இறங்கிவிட்டது. இத்தனைக்கும் நடுவே ஒரு தொழிலாளி கட்டிலுக்குத் தோல்வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரையும்! அவ்வளவு விரைந்தது, ஊரைக் கொள்ள வந்த வீரனோடு நம் தலைவன் செய்த போர். பாட்டு இவ்வளவே.

இதன் அடியமைப்பை நோக்குக. முதலடியிலேயே இரண்டு நெருக்கடிகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் 'என' என்றே முடிகின்றன. காரணத்தைச் சொல்லிக் காரியத்தைச் சொல்லாமல் நிற்கின்றன. இரண்டாம் அடியில் மழையும் ஞாயிறும். மூன்றாம் அடியில் கட்டில் பின்னுபவனின் கை. நான்காம் அடியில் ஊசி. அதன் பின்னரே விரைந்தது என்னும் வினை. விரைந்தது எது? அதற்கு இன்னும் இரண்டு அடிகள் காத்திருத்தல் வேண்டும். போர் என்னும் எழுவாய் பாட்டின் இறுதிச் சொல்லில் வருகிறது. விரைவைப் பாடிய பாட்டு நம்மைக் காக்க வைக்கிறது. ஐந்தாம் அடி முன்பு கூறிய முச்சீர் அடி. எதிராளி நிற்கும் அடி. தலைவன் நிற்கும் ஆறாம் அடி நாற்சீர் நிரம்பிய முழு அடி. எதிராளிக்கு ஒரு சீரைக் குறைத்தது யாப்பு விதியே ஆயினும், அவ்விதி வாய்த்த இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியவர் புலவர்.

சொற்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஞாயிறு மறைந்தது என்று புலவர் சொல்லவில்லை, 'ஞான்ற' என்கிறார். ஞாலுதல் தொங்குதல். மறைந்துவிட்டால் நெருக்கடி தீர்ந்தது. இருள் வந்துவிட்டது, இனி விரைந்து பயனில்லை. தொங்கும் ஞாயிறு இன்னும் சிறிது பொழுது தருகிறது. விதுப்புக்கு வேண்டுவது அந்தச் சிறிது பொழுதே.

தொழிலாளியைக் குறிக்கப் பாட்டு ஆளும் சொல் இழிசினன் என்பது. அதனைக் கடந்து போய்விட நமக்கு மனம் இல்லை. மனிதரைப் பிறப்பால் தாழ்த்தும் வழக்கை ஏற்காத நாம் அச்சொல்லை வகுப்பில் உச்சரிக்கும்போது நா கூசுகிறது. கூசத்தான் வேண்டும். ஆனால் அச்சொல்லால் தாழ்த்தப்பட்ட அதே கையைத்தான் அரசமகனின் வீரத்துக்கு அளவுகோலாகப் புலவர் எடுத்தார் என்பதையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நம் கடற்கரையில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. அதனையொட்டி நம் மாணவர் எழுதிக் காட்டிய கவிதைகள் பல. பெரும்பாலானவற்றில் யானை பிளிறிற்று, குதிரை பாய்ந்தது, கோட்டை சரிந்தது. சதுரங்க அரங்கில் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. அங்கே இருவர் அமர்ந்திருக்கிறார்கள், கை ஒன்று அசைகிறது, கடிகாரம் ஓடுகிறது. அவ்வாண்டு 16 வயதினராயிருந்த குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றபின், பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் கைக்கெட்டிய வெற்றியை, நொடிகள் குறைந்துவந்த நிலையில் தவறவிட்டார். உஸ்பெகிஸ்தான் தங்கம் பெற்றது. குகேஷின் அணிக்கு வெண்கலம். இரண்டாண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், அவரே உலக வாகையர் ஆனார். அந்தப் பத்தாம் சுற்றைப் பாட விரும்புவோர்க்கு யானையும் குதிரையும் உதவா. அமர்ந்த இடத்தில் கையை மட்டும் அசைக்கும் ஒருவனைச் சுற்றிப் பொழுது எவ்வாறு நெருங்குகிறது என்பதைச் சாத்தந்தையாரின் கட்டில் பின்னுவோனிடம் கற்றுக்கொள்ளலாம்.

பனையின் மறைவிலிருந்து

கிள்ளியின் மற்போரைப் பாடிய மற்றொருவர் பெண்பாற் புலவர்; பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார். புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய மூன்று பாடல்கள் அவருடையவை. அவர் அவனை விரும்புகிறார், சொல்ல இயலவில்லை. வளை கழன்றால் தாய் அறிவாள் என்னும் அச்சம் ஒருபுறம். அவையோர் முன் நாணம் ஒருபுறம். தம்மைப் போலவே இவ்வூரும் விதுப்புறுக என்கிறார் 83ஆம் பாட்டில். ஏனெனில் ஊர் ஒருபக்கம் சாராமல் இருபக்கமும் பட்டு மயங்கிக் கிடக்கிறது. நாம் மேலே குறித்த விதுப்பு என்னும் சொல் வரும் இடம் இது. தன் நெஞ்சில் உள்ளதற்கும் ஆட்டக்களத்தைச் சூழ்ந்த ஊரில் உள்ளதற்கும் ஒரே சொல்லைத் தந்தார் அவர்.

85ஆம் பாட்டு எட்டு அடிகள். இவ்வூர் அவனுடையது அன்று என்கிறது முதலடி. இந்நாடு அவனுடையது அன்று என்கிறது இரண்டாமடி. இரண்டும் ஏறத்தாழ ஒரே சொற்களால் ஆனவை. ஒரு சொல் மட்டுமே மாறுகிறது. வெளியூரில் ஆடச் செல்லும் எந்த அணிக்கும் இந்த இரண்டடியின் எடை தெரியும். மூன்றாம் அடியில் ஒருசாரார் அவனுக்கே வெற்றி என்கின்றனர். நான்காம் அடியில் ஒருசாரார் இல்லை என்கின்றனர். ஒவ்வொரு சாராருக்கும் ஓர் அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தராசின் இரு தட்டும் ஒன்றாய் நிற்கின்றன.

இங்கே வெற்றிக்கு அவர் ஆளும் சொல் 'ஆடு'. வென்றி, வாகை என்பன போன்ற பிற சொற்களும் அக்காலத்தில் இருந்தன. அவர் எடுத்தது குறில் கொண்டு முடியும் ஈரெழுத்துச் சொல்லை. கூட்டத்தில் ஆயிரம் வாய் சேர்ந்து கத்துவதற்கு ஏற்ற சொல் அது. மூன்றாம் அடியில் இரட்டித்து ஒலிக்கையில் கூச்சலாகவே கேட்கிறது. நான்காம் அடியில் அதே சொல் மறுக்கப்படுகிறது. அதன்பின் அச்சொல் நெடுநேரம் வரவில்லை. சிலம்பு ஒலிக்க அவர் ஓடுகிறார். தம் வீட்டருகே முழவு போன்ற அடிமரத்தை உடைய பனையில் சாய்ந்து நிற்கிறார். களத்துக்கு அவர் செல்லவில்லை, செல்லவும் இயலாது. இறுதியடியில் முதலில் வருவது யான் கண்டேன் என்பது. எதைக் கண்டார்? அடுத்து அவன். அவனுக்கு என்ன ஆயிற்று? பாட்டின் கடைசிச் சீர்களில் அந்த ஈரெழுத்துச் சொல் திரும்ப வருகிறது. ஊர் கத்திய சொல் இப்போது ஒரு பெண்ணின் தனிக்குரலில், தாழ்ந்து ஒலிக்கிறது.

நாம் அறிந்தவரை, விளையாட்டைப் பாடிய தமிழ்ப் பாடல்களில் இதனை விஞ்சியது இல்லை. இதில் ஆட்டம் ஒன்றுமே காட்டப்படவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

ஏறுகோள்

முல்லைக்கலியின் ஏறு தழுவல் பாடல்கள் பலரும் அறிந்தவை; ஆதலின் சுருங்கச் சொல்வோம். சோழன் நல்லுருத்திரன் பாடிய இவற்றின் யாப்பு கலிப்பா. அதன் ஓசை துள்ளல். துள்ளும் காளைக்குத் துள்ளும் ஓசை வாய்த்தது பொருத்தமே. 101ஆம் பாட்டில் காளை ஆயர்மகனைக் குத்திக் குலைக்கும் தோற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. ஒவ்வொன்றிலும் குத்து விழுந்தவுடன் 'காண்' என்னும் ஏவற்சொல்லில் அடி நிற்கிறது, பார் என்று தோழியின் விரல் நீள்கிறது, நாமும் பார்க்கிறோம். அதன்பின் உவமை. சபதம் முடிக்கப் பகைவனின் நெஞ்சைப் பிளந்த பாரத வீரன் உவமையாகிறான். யாருக்கு? காளைக்கு. வீரனுக்குரிய உவமையை ஆளுக்குத் தராமல் விலங்குக்குத் தந்ததனால், யார் பக்கம் நிற்பது என்று கேட்பவன் தடுமாறுகிறான். அத்தொகுதிகள் முடியும் சொல் 'போன்ம்'. இலக்கணம் பயின்றோர் மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாக இதனை அறிவர்; அரை மாத்திரை மகரம் கால் மாத்திரையாய்ச் சுருங்கும் இடம். வாய் மூடுவதற்குள் ஒலி அறுந்துவிடுகிறது. அந்த அறுப்புக்குப் பின் அடுத்த காளை வருகிறது.

நம் மரபில்

இந்நுட்பம் பாட்டுக்கு மட்டும் உரியதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஓட்டப்போட்டி அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றது. நம் பெரியோர் நன்கறிந்தது. ஒரு பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓடி முந்தியதாகக் கூறுகிறார்கள். பின்னர் உடல் பருத்த காலத்தில் மீண்டும் ஓடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் முந்தியதாகக் கூறுகிறார்கள். அப்போது, முன்னதற்கு இது ஈடு என்னும் பொருள்படச் சில சொற்களே நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து வந்தன. இரண்டு ஓட்டங்களுக்கு இடையே கழிந்த காலம் ஒரு சிறு தொடரில் அடங்கிவிட்டது. அந்த இடைவெளியை விரித்துரைத்திருந்தால் இறுதிச் சொற்களின் இனிமை பாதியாகியிருக்கும்.

செய்யுளிலும் நம் புலவர் இடைநிறுத்தத்தின் பயனை நன்கறிந்திருந்தனர். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகளார் மீது பாடிய திருப்புகழின் வண்ண யாப்பில், ஓடிவரும் சந்தம் ஓரிடத்தில் திடுமென நின்று ஒரு சிறு துண்டு தொங்கும். அதற்குத் தொங்கல் என்றே பெயர். அது பக்திப் பாடல், ஆட்டக்களப் பாடல் அன்று. ஆயினும் அடி முறிப்பைப் பயில விரும்பும் மாணவர் அதனைச் செவியால் கேட்டுப் பழகுதல் நலம்.

மூச்சும் முறிப்பும்

1959இல் சி.சு. செல்லப்பா எழுத்து என்னும் இதழைத் தொடங்கினார். புதுக்கவிதை வேர்கொண்ட இடம் அது. அவர்தாம் சல்லிக்கட்டைப் பொருளாகக் கொண்ட வாடிவாசல் என்னும் குறுநாவலையும் தந்தார். யாப்பின் சீர்க்கணக்கை நீக்கிவிட்ட புதுக்கவிதையில் அடி எங்கே முடிய வேண்டும் என்பதைச் சொல்ல இலக்கணம் இல்லை. எனவே எங்கும் முறிக்கலாம் என்று பலர் கொண்டனர். உரைநடை வாக்கியம் ஒன்றை ஏழாக நறுக்கி ஏணிப்படியாய் அடுக்கினால் கவிதை என்னும் மயக்கம் வளர்ந்தது. இதில் மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. அசை பிரிக்கக் கற்பித்த நாம், அடி ஏன் அங்கே முடிந்தது என்று கேட்கக் கற்பிக்கவில்லை.

சீர்க்கணக்கு போனபின் எஞ்சியிருப்பது மூச்சு. அதனைக் கபடி கற்பிக்கும். சடுகுடு ஆடுவோர் எதிரணிக்குள் புகுவதைப் பாடிச் செல்லுதல் என்பர், அழகிய வழக்கு. பாடுபவன் ஒரே மூச்சில் சொல்லைத் தொடர வேண்டும். சொல் அறுந்தால் ஆட்டம் போயிற்று. இன்றைய போட்டி விதிகள் ஒரு முறை பாடிச் செல்வதற்கு 30 நொடி வரையறுத்துள்ளன. முன்னாளில் மூச்சே கடிகாரம். உடம்பின் வரம்பும் பாட்டின் வரம்பும் ஒன்றாகவே அமைந்த விளையாட்டு இது. இதைப் பாடும் கவிதையில் அடி முறியும் இடமெல்லாம் மூச்சு முறியக்கூடிய இடம்.

ஓர் எளிய சோதனையை வகுப்பில் செய்து பார்த்தோம். பாடிச் சென்றவன் திரும்பும்போது பிடிபட்டுவிட்டான், கை நடுக்கோட்டை நோக்கி நீள்கிறது, மூச்சு தீரப்போகிறது. செய்தி இவ்வளவே. முதலில் கரும்பலகையில் எழுதியது இது:

நடுக்கோட்டை நோக்கி
அவன் கை நீண்டது
கால்களை எதிரணியினர்
பிடித்துக்கொண்டனர்
அவனுக்கு மூச்சு
தீரும் நிலை வந்தது

ஒவ்வோர் அடியும் தன்னளவில் அமைதியாய் முடிகிறது. எங்கும் எவர்க்கும் எதுவும் ஆகவில்லை. பிடித்துக்கொண்டனர் என்னும் நீண்ட வினைமுற்று பிடியையே தளர்த்திவிடுகிறது. தீரும் நிலை வந்தது என்பது அலுவலகக் குறிப்பின் மொழி. அதனை அழித்து இவ்வாறு எழுதினோம்:

விரல் நீள்கிறது கோட்டுக்கு, கணுக்கால்
அவர்கள் கையில்.
நெஞ்சில் இன்னும் ஒரு
சொல்லுக்கு மூச்சு.

இது கவிதை என்று நாம் உரிமை கொண்டாடவில்லை; கரும்பலகைப் பயிற்சியே. கணுக்கால் என்னும் சொல்லில் அடியை நிறுத்தியதனால், அதற்கு என்ன நேர்ந்தது என்று அறிய ஒரு நொடி காக்க வேண்டியிருக்கிறது. பிடித்தனர் என்ற வினையே இல்லை. கை மட்டும் இருக்கிறது. சென்றவன் கோட்டைத் தொட்டானா என்று சொல்லவில்லை.

மூன்றாம் அடியை 'ஒரு' என்னும் எண்ணடையில் நிறுத்தியது தகுமா என்பதில் வகுப்பு இரண்டாய்ப் பிரிந்தது. பெயரைத் தழுவி நிற்க வேண்டிய அடைமொழியைப் பெயரிலிருந்து பிரித்தல் தமிழின் இயல்புக்கு ஒவ்வாது என்றனர் ஒருசாரார். மூச்சு முட்டுபவனுக்கு அடுத்த சொல் கிடைக்காமற் போவதுதானே இயல்பு, ஆதலின் அங்கேதான் முறிய வேண்டும் என்றனர் மற்றொருசாரார். மணி அடித்த பின்னும் அவர்கள் எழவில்லை.